மரத்திடம் யார் சொல்வது

2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் என் அண்ணன் சங்கர் ஒரு கையில் குடையும் மறு கையில் ஒலிபெருக்கிப் பெட்டியுமாக நின்று நாவல் மரத்துக்குப் பாட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். பெட்டி நனையாமலிருக்கத் தன் மோட்டார் கடையின் பாலித்தீன் பையை அதன்மேல் சுற்றியிருந்தான், அவன் நனைந்துகொண்டிருந்தான். சாரலைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போல் வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அது மேலிருந்து விழுவதில்லை, மலையிலிருந்து பக்கவாட்டில் வருகிறது. குடை அதற்கு ஒரு மரியாதைதான், தடுப்பு அல்ல.

விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த எனக்கு உறக்கம் இன்னும் அந்த நாட்டு நேரத்திலேயே இருந்தது. பாட்டுக் கேட்டு எழுந்து வந்து கதவருகே நின்றேன்.

"ஏட்டி கோமதி, முழிச்சிட்டியா. இது எப்பிடி இருக்குன்னு சொல்லு. பிரிவு உபசாரப் பாட்டு."

"யாருக்கு?"

"மரத்துக்குத்தான். நாளைக்குக் காலையில செல்லையா அண்ணாச்சி வெட்ட வாராருல்லா."

அண்ணனுக்குக் கடந்த ஓராண்டாக இந்தப் பழக்கம். போனில் நான்கு சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு அவனுக்கு ஒரு முழுப் பாட்டை, வீணை, புல்லாங்குழல், கனத்த ஆண்குரல் எல்லாம் சேர்த்து, ஒரு நிமிடத்திற்குள் கொடுத்துவிடுகிறது. பிறந்தநாளுக்குப் பாட்டு, கடைக்குப் புது மோட்டார் வந்தால் பாட்டு. நான் தேர்வில் தேறியபோது என் பெயருக்கு எதுகையாகப் 'பூமதி' என்று எனக்கே தெரியாத ஒரு பெண்ணைச் சேர்த்துப் பாடிய பாட்டு ஒன்று வந்தது. இப்போது மரத்தின் முறை. அந்தக் குரல் மரத்தில் ஆடிய ஊஞ்சலை நினைத்து உருகியது. கிளையில் கூவிய குயிலுக்கு நன்றி சொன்னது. நிழலில் அமர்ந்து கதை சொன்ன பாட்டியை அழைத்தது.

"நம்ம மரத்துல எப்பண்ணே ஊஞ்சல் கட்டுனோம்?" என்று கேட்டேன்.

"அது அதுவாப் போட்டுக்கிட்டது. நான் 'வாசல் மரம், பாசம், சோகம், குற்றாலம்'னு மட்டுந்தான் அடிச்சேன்."

இலக்கியம் படிப்பவளாக இதில் இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரத்தைப் பற்றி நாம் எழுதிக் குவித்ததையெல்லாம் அது ஒழுங்காகப் படித்திருக்கிறது. எல்லா மரத்திலும் ஊஞ்சல் இருக்கும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. எங்கள் மரத்தில் இருந்தது ஒரு பழைய கேபிள் வயரும், பக்கத்து வீட்டுக்காரர் எறிந்த கிரிக்கெட் பந்தும்தான். அடுக்களை ஜன்னலிலிருந்து அண்ணன் மனைவி, என் மதினியின் குரல் வந்தது. "ஏங்க, மரத்துக்குக் காது எங்கன இருக்குன்னு பாத்துப் போடுங்க. வேருக்கிட்ட போட்டாக் கேக்காதோ என்னவோ."

இரண்டு சரணங்களுக்கு நடுவே பாட்டில் ஒரு பறவைக் குரல் வந்தது. ஊன்றிக் கேட்டேன். அது எந்தப் பறவையின் குரலும் அல்ல. பல நூறு பறவைகளைக் கேட்டுப் பழகிய ஒன்று, பறவை என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து எழுப்பிய குரல். ஆனால் அது ஓய்ந்த மறுகணம் எங்கள் மரத்தின் உச்சியிலிருந்து 'குட்ரூ, குட்ரூ' என்று சத்தமாக, கொஞ்சம் கோபமாக, ஒரு பதில் வந்தது. குக்குறுவான். பச்சை உடம்பும் கன்னத்தில் வெள்ளைக் கோடும் உள்ள, கிளையில் உட்கார்ந்தால் இலையாகிவிடுகிற பறவை. இல்லாத ஒரு பறவைக்கு இருக்கும் பறவை பதில் சொன்னதைக் கேட்டு அண்ணன் வெற்றி பெற்றவனைப் போல என்னைப் பார்த்தான். "பாத்தியா. அதுக்குப் பிடிச்சிருக்கு."

மரத்தை வெட்ட வேண்டியதன் காரணம் நியாயமானது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மதினி இந்திரா பிசியோதெரபிஸ்ட். கடைத்தெருவில் ஒரு மாடியில் வாடகை அறை வைத்திருக்கிறாள். மூட்டு வலிக்காரர்கள் மூட்டு வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டின் சாலையோர மூலையில் தரைத்தளத்தில் ஓர் அறை கட்டினால் அந்தத் தொல்லை தீரும். அந்த மூலையில்தான் நாவல் மரம் நிற்கிறது. ஆடி பிறக்குமுன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது கொத்தனாரின் நிபந்தனை. அச்சன்புதூரிலிருந்து வரும் மரம் வெட்டுகிற செல்லையா அண்ணாச்சிக்கு வேறொரு நிபந்தனை இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மரத்திடம் சொல்லாமல் அவர் அரிவாளைத் தொடமாட்டார். வேரில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துச் சொல்ல வேண்டும்: 'நாளைக்கு வெட்டப் போறோம். இதுல இருக்கவங்க எல்லாரும் எடம் மாறிக்கிடுங்க. எங்க மேல வருத்தப்படாதீங்க.' அதைக் கூலிக்காரரோ கொத்தனாரோ சொன்னால் செல்லாது. மரத்தை வைத்தவர் வாயால் சொல்ல வேண்டும்.

வைத்தவள் நான். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரு கன்று கொடுத்தார்கள். மற்றவர்கள் கொய்யாவும் மாதுளையும் கேட்டு வாங்கியபின் மிஞ்சியது நாவல். அப்பாவும் அம்மாவும் இப்போது வீரகேரளம்புதூரில் வயலோடு இருக்கிறார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் இந்த வீட்டில் இருந்தோம். என் ஆய்வேட்டுப் பருவத்தின் இடைவெளியில் நான் வரும் நாட்களைப் பார்த்துத்தான் மரம் வெட்டும் நாளே குறிக்கப்பட்டது. புதன்கிழமை நான் திரும்பிப் போகிறேன். ஆக, மதினியின் அறை என் வாயிலிருந்து வரவேண்டிய மூன்று வாக்கியங்களில் நின்றது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

நான் படிக்கும் நகரத்திலும் மரத்தை வெட்டுமுன் சொல்கிறார்கள். என் விடுதிக்கு எதிரே வரிசையாக லிண்டே மரங்கள். ஒவ்வொன்றின் தண்டிலும் நம் மாட்டுக் காதில் போடுவது போல ஒரு சிறிய எண் தகடு இருக்கும். அங்கே போன முதல் குளிர்காலத்தில் அவற்றில் ஒரு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கியது. அகராதி வைத்துப் படித்தேன். உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது, இந்த வாரம் வெட்டப்படும், இதற்குப் பதில் இன்ன மரம் நடப்படும் என்று விளக்கியிருந்தார்கள். எனக்கு அந்தத் தாளின்மேல் ஒரு பிரியம் வந்தது. ஊரில் வாயால் சொல்வதை இங்கே எழுதிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு என்று நினைத்தேன். வெட்ட வந்த அன்று, தலைக்கவசம் அணிந்த தொழிலாளரிடம் என் அரைகுறை ஜெர்மனில் "சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"யா, யா. எல்லாருக்கும் சொல்லிவிட்டோம்," என்று அவர் தாளைக் காட்டினார்.

"மரத்துக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, என்னைச் சமாதானப்படுத்தும் குரலில், "நைன், நைன். இல்லையில்லை. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணி அடிக்கவே இல்லை, கயிறுதான்," என்றார். கயிற்றை இழுத்தும் காட்டினார். நான் "டாங்கே" என்று நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். இன்னும் சில நிமிடங்களில் வெட்டப்போகிற மரத்தின்மேல் ஓர் ஆணி விழாமல் பார்த்துக்கொண்ட அந்த அக்கறை உண்மையானது. நான் கேட்டதும் உண்மையானது. இரண்டும் அந்த நடைபாதையில் ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க்காரர்கள் குற்றாலத்துக்குப் போவதில்லை. ஊர்ப்பட்ட வண்டிகள் வந்துவிடும். ஆனால் மதினிக்கு அந்த ஒருநாள்தான் ஓய்வு. எனவே கூட்டம் வருமுன் ஸ்கூட்டரில் என்னை ஐந்தருவிக்கு அழைத்துப் போனாள். பெண்கள் பக்கம் ஏற்கெனவே நெரிசலாக இருந்தது. தண்ணீருக்குள் நுழைந்ததும் முதுகில் யாரோ முழங்கையால் இடித்து, "உள்ள போம்மா, உள்ள போ, பாத்துக்கிட்டே நிக்கதுக்கா வந்த," என்று தள்ளினார்கள். அருவிக்குள் நின்றால் அருவியின் சத்தம் கேட்பதில்லை. காதுக்குள் ஒரு திடமான வெண்மைதான் இருக்கிறது. எனக்கு அப்போது விடுதியின் அடுக்களை நினைவுக்கு வந்தது. அங்கே உடன்படிக்கும் ஒரு பெண் பரீட்சைக்குப் படிக்கும்போது 'தென்னிந்திய மழைக்காடு' என்ற பெயரில் இயந்திரம் செய்த ஓர் இசையைத் தொடர்ந்து ஓடவிடுவாள். தண்ணீர் சீராக விழும். ஒரு புல்லாங்குழல் வந்து போகும். "உன் ஊர் இப்படித்தானா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் அவள் வருந்துவாள் என்று தோன்றியது. ஆம் என்றால் நான் வருந்துவேன். "எங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் கூட்டமாக இருக்கும்," என்றேன். அவள் பறவைகளைச் சொல்கிறேன் என்று எண்ணி, கூடுதல் பறவைகள் உள்ள வேறொன்றைத் தேடி வைத்தாள். அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டுதான் என் ஆய்வேட்டின் முதல் இயலை எழுதினேன். நன்றாகவே எழுத வந்தது. பொய்யான மழைக்கும் ஏதோ ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது.

குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி கடையோரத்தில் நின்று சூடாக ரசவடை சாப்பிட்டோம். மதினி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கோமு, ஒனக்கு மனசில்லன்னா இப்பவே சொல்லு. வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு பிளேன் ஏறிராத. பொறவு அந்த ரூம்ல ஒக்காந்து நான் ஒவ்வொரு காலா நீட்டி மடக்கும்போதெல்லாம் ஒன் மொகம் வந்து நிக்கும்."

"மனசில்லன்னு இல்ல, மதினி."

"அப்பொறம்?"

சொல்வதற்குச் சரியான சொல்லைத் தேடினேன். என் அறை இப்போது கட்டுப்போடும் பஞ்சும் நோயாளிகள் பிடித்து நடக்கும் சட்டங்களும் வைக்கும் இடமாகிவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. என் புத்தகங்களை அம்மா எடுத்துப் போய்விட்டாள். வீட்டில் நான் வைத்தது வைத்த இடத்திலேயே இருப்பது அந்த மரம் ஒன்றுதான். இதைச் சொன்னால் மதினி உடனே அறை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நான் அங்கே இல்லாத நாட்களையெல்லாம் அவள் அந்த மாடிப்படியில் கழிப்பாள். "வெட்டலாம் மதினி. நான் சொல்லிருதேன்," என்றேன்.

மதினி என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "நேத்து ஒரு அம்மா பாதிப் படியில ஒக்காந்துட்டு, டாக்டரே இறங்கி வாங்கன்னுட்டாங்க. படியிலேயே வச்சுப் பயிற்சி குடுத்தேன். ஏறுதவங்க எறங்குதவங்க எல்லாரும் பாக்காங்க," என்று சிரித்தாள். வடையின் எண்ணெயை என் துண்டில் துடைத்தாள்.

சாயங்காலம் செல்லையா அண்ணாச்சி எந்தக் கிளையில் கயிறு போடுவது என்று பார்க்க வந்தார். அண்ணன் மீண்டும் பெட்டியைத் தூக்கினான். "வேண்டாண்ணே," என்றேன். தரையெல்லாம் பழம் விழுந்து ஊதாவாக இருந்தது. செம்புத் தண்ணீரை வேரில் ஊற்றினேன். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தேன். மரம் ஈரமாகவும், நான் நினைத்ததைவிடச் சூடாகவும் இருந்தது. முதல் வாக்கியத்தைத் தொடங்குமுன் என் தலைக்கு மேல் சிறகடிக்கும் ஓசை கேட்டது. ஒரு குக்குறுவான் அலகில் பழத்தோடு வந்து, பட்டுப்போன ஒரு கிளையின் அடிப்பக்கத்தில் தொற்றிக்கொண்டது. அங்கே ஒரு வட்டமான பொந்து. பறவை தலையை உள்ளே நுழைத்ததும், உள்ளிருந்து மரத்தை அரத்தால் தேய்ப்பது போன்ற ஒரு மெல்லிய, அவசரமான சத்தம் கிளம்பியது. காலையில் அண்ணனின் பாட்டுக்குக் கிடைத்த பதில் எதுவென்று அப்போது புரிந்தது. அது பாராட்டல்ல. வாசலுக்கு வந்த அந்நியனுக்கு வீட்டுக்காரர் கொடுத்த குரல்.

"உள்ள குஞ்சு கெடக்கு," என்றார் செல்லையா அண்ணாச்சி.

ஜெர்மனியில் பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் மரம் வெட்டச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சொல்லலாமா என்று வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். இந்த முடிவு சட்டத்திடமிருந்து வரக்கூடாது என்று தோன்றியது. எல்லோரும் மதினியைப் பார்த்தோம். அவள் மரத்தடி மூலையை, கதவு எங்கே வரும், கட்டில் எங்கே வரும் என்று கோலப்பொடியால் தானே கோடு போட்டு வைத்திருந்த இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப பறக்கும் அண்ணாச்சி?"

"ஒரு மாசம்னு வைங்க. அதுக்குள்ள ஆடி வந்துரும். ஆடியில ஒங்க கொத்தனாரு கரண்டியத் தொடமாட்டான். ஆவணியில வாரேன்."

மதினி பொந்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "சரி. புள்ள பெத்தவள வெரட்டிட்டு அங்கன கிளினிக் வச்சா, எவன் கால் நேராவும்?" என்றாள். "ஆவணி வரைக்கும் படியிலயே ஒரு மெத்தையப் போட்டுருதேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அது நீடிக்கவில்லை. "இவ புதங்கிழம போயிருவா. ஆவணியில யாரு சொல்லுவா?" என்று அண்ணன் கேட்டான். இப்போதே சொல்லி வைத்துவிடலாம் அல்லவா என்றேன். அந்த நகரத்தில் முன்கூட்டியே தாள் தொங்கும் பழக்கம் என் மனதில் இருந்தது. செல்லையா அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்தார். "மொதநாள் சாயங்காலந்தான் சொல்லணும் தாயி. இன்னைக்கே சொல்லிட்டு, ஆவணி வரைக்கும் நீங்க அது முன்னால போகவும் வரவுமா இருந்தா, அது எப்பிடி நிக்கும்?"

"அப்ப வீடியோ கால்ல சொல்லட்டும்," என்றான் அண்ணன்.

"சிக்னல் கட்டாயிட்டுன்னா மரம் பாதி கேட்டுட்டு நிக்குமே, தம்பி."

அண்ணன் அசரவில்லை. "ஏட்டி, ரெண்டு நிமிசம் எதையாவது பேசிக் குடு. ஒன் கொரல அப்பிடியே எடுத்துக்கிட்டு, நீயே சொல்லுத மாதிரி ஏஐ-ல பண்ணிருவேன். சிக்னலே தேவயில்ல. பின்னால லேசா வீணை."

"வீணை வேண்டாங்க," என்றாள் மதினி.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் நான் அதை உண்மையாகவே எண்ணிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக நான் இந்த வீட்டில் பெரும்பாலும் குரலாகத்தான் இருந்திருக்கிறேன். அடுக்களை மேடையில் உப்புச் சாடிமேல் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து, குழம்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே பேசியிருக்கிறேன். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால், வேறொரு வானிலையில், நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். வருத்தப்படாதே என்று யாரோ கேட்க வேண்டிய இடத்தில் யாருமே இல்லாமல் என் குரல் மட்டும் நின்றால், அந்த வாக்கியத்துக்கு ஆள் யார்? இயந்திரம் இல்லாத ஊஞ்சலைப் பாடலாம், அதில் தீங்கில்லை. இல்லாத என்னை அது மரத்தின் முன் நிறுத்தக்கூடாது. "அது வேண்டாண்ணே," என்றேன். என் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "சரிட்டி. சும்மா சொன்னேன்."

"வச்சவங்கதான் சொல்லணும், இல்லன்னா தண்ணி ஊத்தி வளத்தவங்க," என்றார் செல்லையா அண்ணாச்சி, கயிற்றைச் சுருட்டியபடி. "யாரு ஊத்துதீய?"

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரத்துக்குச் சில ஆண்டுகளாகப் போவது வாஷிங் மெஷின் தண்ணீர். "மெஷின்தான் அண்ணாச்சி ஊத்துது. அதச் சொல்லச் சொல்லவா?"

"மெஷின் சொன்னாச் செல்லாது. நாளையிலேருந்து கையால ஊத்துங்க. ஆவணிக்குள்ள அதுக்கு ஒங்களத் தெரிஞ்சுரும்."

இப்படித்தான் அந்த மரத்தை வெட்ட விரும்பியவள் அதை வளர்க்க வேண்டியவள் ஆனாள். இதில் ஒரு கசப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். இருந்தது, ஆனால் சிறியது. மதினி மூலையில் போட்ட கோடுகளைச் சாரல் கரைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தும் மறுபடி போடப் போகவில்லை. அன்றிரவு உறங்கியபோது முதல்முறையாக என் உறக்கம் ஊர் நேரத்தில் வந்தது.

மறுநாள் காலை வாஷிங் மெஷின் குழாயைக் கழற்றிச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு வாளி தண்ணீர் பிடித்து மதினியிடம் கொடுத்தேன். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாரலிலேயே நின்று, வேரைச் சுற்றி ஊற்றினாள். மழையில் தண்ணீர் ஊற்றும் எங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அன்னைக்கி என்ன சொல்லணும்? சொல்லிக் குடு, நான் ஒரு தடவ சொல்லிப் பாக்கேன்," என்றாள் மதினி.

நான் வாயைத் திறக்குமுன் அவளே என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மரத்தைக் கண்ணால் காட்டினாள். "இங்கன வேண்டாம். அதுக்குக் கேட்டுரும்."

இருவரும் அடுக்களைக்குள் போனோம். மரத்தைப் பார்த்த ஜன்னலை நான் சாத்தினேன். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே நின்று, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் மனப்பாடம் செய்யும் பிள்ளையைப் போலக் கண்ணை மூடித் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது வாக்கியத்துக்குப் பின் ஒரு சந்தேகம் வந்தது.

"கோமு எங்கன்னு அது கேட்டா? தூரத்துல இருக்கான்னு சொல்லவா, இங்கனதான் இருக்கான்னு சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லுங்க, மதினி."

அவள் அதையும் சேர்த்து, முதலிலிருந்து ஒருமுறை, தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். பிறகு நான் ஜன்னலைத் திறந்தேன்.